ரெக்கார்டா, சிடியா? சேலத்து வீட்டுக்கும் ஏற்காட்டு வீட்டுக்கும் ஒரே பதில் இல்லை

செவ்வாய்ப்பேட்டை, குகை, அம்மாப்பேட்டைப் பக்கம் பழைய வீடுகளில் பரண்மேல் ஒரு இசைத்தட்டுப் பெட்டி கிடப்பது அபூர்வமில்லை. வீட்டை இடித்துக் கட்டும்போதோ பாகம் பிரிக்கும்போதோ அது கீழே இறங்கும். இதைக் கேட்க ஒரு பிளேயர் வாங்குவதா, இல்லை இதே பாட்டுகளைச் சிடியில் தேடிப்பிடித்துக் கேட்டுக்கொள்வதா என்ற கேள்வியும் கூடவே இறங்கும். "எதுல சவுண்டு நல்லாருக்கும், அதை மட்டும் சொல்லுங்க" என்றுதான் பெரும்பாலும் கேட்கிறார்கள்.

என் பதிலை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். ஒலியை எவ்வளவு பிசகில்லாமல் திருப்பித் தரும் என்று பார்த்தால் சிடிதான் மேல். அதில் இழுபறியே இல்லை. ஆனால் 1970-களின் நடுவிலிருந்து 80-களின் கடைசி வரை வந்த தமிழ்ப் படப்பாட்டைப் பொறுத்தவரை, தேயாத ரெக்கார்டு கிடைத்தால் பல சமயம் அதுதான் கேட்க நன்றாக இருக்கிறது. முதலாவது கருவியைப் பற்றியது. இரண்டாவது, அந்தப் பாட்டுகளைச் சிடியில் ஏற்றிய விதத்தைப் பற்றியது. இதைப் பிரித்துப் பார்க்காததால்தான் இந்தச் சண்டை ஓயவே மாட்டேன் என்கிறது.

முதலில் கருவி. நாம் இன்று எல்பி என்கிற 33⅓ சுற்று ரெக்கார்டை 1948-ல் அமெரிக்காவின் கொலம்பியா நிறுவனம் கொண்டுவந்தது. சிடியை பிலிப்ஸும் சோனியும் சேர்ந்து உருவாக்கி 1982-ல் விற்பனைக்கு விட்டன. சிடியில் ஒலியை விநாடிக்கு 44,100 தடவை அளந்து, ஒவ்வொரு அளவையும் 16 பிட் எண்ணாக எழுதுகிறார்கள். இதனால் 20,000 ஹெர்ட்ஸ் வரைக்கும், அதாவது மனிதக் காது கேட்கக்கூடிய எல்லை வரைக்கும், எதுவும் விட்டுப்போவதில்லை. நடுத்தர வயதைத் தாண்டியவர்களுக்கு அந்த எல்லையே கேட்காது. மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் நடுவே சிடி தரும் இடைவெளி சுமார் 96 டெசிபல். நல்ல ரெக்கார்டில், நல்ல ஊசியில், 60 முதல் 70 டெசிபல் கிடைத்தால் அது பெரிய விஷயம். இடது, வலது ஸ்பீக்கர்களுக்குப் போகும் ஒலி ஒன்றோடொன்று கலக்காமல் இருப்பதிலும் சிடி வெகுதூரம் முன்னால் நிற்கிறது.

"சிடியில் படிப்படியாக வெட்டிய ஒலிதான் வரும், ரெக்கார்டில்தான் முழு அலை இருக்கும்" என்று சொல்வார்கள். இது தவறு. எண்களிலிருந்து ஒலியைத் திரும்ப உருவாக்கும்போது, அந்த எல்லைக்குள் இருக்கும் அலை வழவழப்பாக, முழுசாகத்தான் திரும்ப வருகிறது. ஸ்பீக்கருக்குப் படிக்கட்டு எதுவும் போவதில்லை.

சரி, இந்த 96-ம் 65-ம் நம் வீட்டில் கேட்குமா? அது வீட்டைப் பொறுத்தது. அம்மாப்பேட்டையிலோ கொண்டலாம்பட்டியிலோ விசைத்தறி ஓடும் வீட்டுக்குப் பக்கத்து வீடென்றால், பகலில் நீங்கள் எதைப் போட்டாலும் பாட்டின் மெல்லிய பகுதிகள் தறிச் சத்தத்தில் மூழ்கிவிடும். ரெக்கார்டின் கரகரப்பும் அதிலேயே மூழ்கிவிடும். அப்படிப்பட்ட அறையில் சிடிக்கு இருக்கும் பெரிய பலமே பயன்படாமல் போகிறது.

ஏற்காட்டில் கதை வேறு. அங்கே என் சித்தப்பா வீடு, நாகலூர் போகும் வழியில் காப்பித் தோட்டத்தை ஒட்டி இருக்கிறது. ராத்திரி எட்டு மணிக்கு மேல் வண்டிகள் ஓய்ந்துவிட்டால் அறையில் ஒரு சத்தமும் இருக்காது. அப்போது ரெக்கார்டைப் போட்டால் பாட்டு தொடங்குவதற்கு முன்பே அந்த 'உஸ்' சத்தம் தெளிவாகக் கேட்கிறது. கீறல் இருந்தால் 1.8 விநாடிக்கு ஒருமுறை 'டிக்' என்று விழுவதை எண்ணவே முடியும். தட்டு ஒரு சுற்றுச் சுற்ற ஆகும் நேரம் அது. அதே இரவில் சிடியில் தம்புரா சுருதியைக் கேட்டால், மீட்டல் தேய்ந்து தேய்ந்து மறையும் வரைக்கும் கூடவே போக முடிகிறது. சிடியின் மேன்மையைக் காதால் உணர வேண்டும் என்றால் சேலத்தைவிட மலைமேல் கேட்பது நல்லது.

இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கும் முறையைச் சித்தப்பாதான் எனக்குக் கற்றுக்கொடுத்தார். "கண்ணு, மொதல்ல சத்தத்தச் சமம் பண்ணு. அப்புறம் எது நல்லாருக்குன்னு பேசு" என்பார். ஒரு டெசிபல் கூடுதலாக ஒலிப்பதுகூடக் காதுக்கு 'சத்தம் கூட' என்று தோன்றாது, 'நன்றாக இருக்கிறது' என்றுதான் தோன்றும். போனோ (ரெக்கார்டின் மெல்லிய ஒலியைப் பெரிதாக்கும் கருவி) வழியாக வரும் ரெக்கார்டும், நேரே வரும் சிடியும் ஒரே குமிழ் அளவில் ஒரே சத்தம் தராது. இதைச் சரிசெய்யாமல் செய்கிற ஒப்பீடு எதையும் நம்ப வேண்டாம்.

அப்படிச் சமம் செய்துவிட்டு, 80-களின் இளையராஜா பாட்டு ஒன்றை எல்பியிலும் சிடியிலும் மாற்றி மாற்றிக் கேட்டோம். எல்பியின் ஒரு பக்கத்தில் முதல் பாட்டு அது. பேஸ் கிட்டார் உருண்டையாக, ஒவ்வொரு சுரமும் தனித்தனியாக வந்தது. வயலின் கூட்டம் பாடகருக்குப் பின்னால் தள்ளி நின்றது. சிடியில் அதே வயலின்கள் பாடகரின் தோளுக்கே வந்துவிட்டன. குரலைச் சுற்றி மூலத்தில் இல்லாத ஒரு எக்கோ. இரண்டு பேருமே தயங்காமல் எல்பிக்குத்தான் ஓட்டுப் போட்டோம்.

அப்புறம் அதே பக்கத்தின் கடைசிப் பாட்டைப் போட்டோம். எஸ். ஜானகி உச்சத்தில் எடுக்கும் இடத்தில் 'ச', 'ஸ' எல்லாம் காகிதம் கிழிவதுபோலச் சிதறின. அதே இடம் சிடியில் சுத்தமாக இருந்தது. இதற்குக் காரணம் ஊசியும் இல்லை, ரெக்கார்டு பழசானதும் இல்லை. தட்டின் வேகம் மாறாமல் இருந்தாலும், வெளி ஓரத்தில் ஊசிக்கு அடியில் விநாடிக்கு சுமார் 50 செ.மீ. பள்ளம் ஓடுகிறது, லேபிள் அருகே வரும்போது அது 20 செ.மீ. சொச்சமாகக் குறைந்துவிடுகிறது. அத்தனை நுணுக்கமான அலையையும் பாதிக்கும் குறைவான இடத்தில் நெருக்கி எழுத வேண்டும். எத்தனை விலை கொடுத்து பிளேயர் வாங்கினாலும் இந்தக் குறையைக் குறைக்கலாமே தவிர, போக்க முடியாது. சிடி உள்ளிருந்து வெளியே படிக்கிறது. இடத்துக்கு ஏற்பத் தன் சுழற்சியைக் குறைத்துக்கொண்டே போவதால் முதல் பாட்டுக்கும் கடைசிப் பாட்டுக்கும் தரத்தில் வித்தியாசமே இல்லை.

ஆக, முதல் பாட்டில் எல்பி ஜெயித்தது ஏன்? அந்தச் சிடியில் ஏற்றப்பட்ட பிரதி சரியில்லை, அவ்வளவுதான். பாத்திரம் பெரிது, ஊற்றியது தண்ணீர் கலந்த பால். 80-களின் கடைசியிலும் 90-களிலும் பழைய பாட்டுகளைச் சிடிக்கு மாற்றியபோது எல்லா வேலையும் கவனமாக நடக்கவில்லை. மூல ஒலிநாடா கைக்குக் கிடைக்காமல் ரெக்கார்டிலிருந்தே எடுத்துப் போட்டவை உண்டு. இரைச்சலை நீக்குகிறோம் என்று ஜலதரங்கத்தின் மினுக்கையும் சேர்த்து நீக்கியவை உண்டு. பின்னாளில் வந்த சில 'ரீமாஸ்டர்' சிடிகளில் எல்லாவற்றையும் ஒரே உச்சத்துக்கு ஏற்றி, தாலாட்டும் தவில் அடியும் ஒரே சத்தத்தில் வரும்படி செய்துவிட்டார்கள். 96 டெசிபல் இடம் கொடுத்த கருவியில் பத்துப் பதினைந்து டெசிபலுக்குள் பாட்டை அடைத்து வைத்தால் கருவி என்ன செய்யும்?

பழைய பாட்டுச் சிடி வாங்கும்போது இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. ஹெட்போன் போட்டுக்கொண்டு, பாட்டு தொடங்குவதற்கு முந்தைய ஒரு விநாடியையும் முடிந்து தேயும் இடத்தையும் கேளுங்கள். மெல்லிய கரகரப்பு கேட்டால் ரெக்கார்டிலிருந்து எடுத்தது. தேய்ந்துகொண்டே வந்த ஒலி திடீரென்று அறுந்து முழு அமைதி ஆனால் இரைச்சல் நீக்கும் கருவி கடுமையாக வேலை செய்திருக்கிறது. டேப்பின் சீரான 'ஸ்ஸ்' கடைசிவரை கூடவே வந்து தேய்ந்தால், அந்தச் சிடியை விடாதீர்கள். மூல நாடாவிலிருந்து நேர்மையாக எடுத்தது அது. அப்படிப்பட்ட சிடி கையில் இருந்தால் அதே பாட்டின் எல்பியைத் தேடி அலைய வேண்டிய தேவை இல்லை.

சிடியின் மேல் நம் ஊரில் விழுந்த இன்னொரு கெட்ட பெயரையும் இங்கே துடைத்துவிட வேண்டும். பஸ் ஸ்டாண்டு கடைகளில் '150 பாட்டு' என்று எழுதி விற்ற வட்டுகளைக் கேட்டுத்தான் பலரும் 'சிடி சவுண்டு சப்பென்று இருக்கும்' என்ற முடிவுக்கு வந்தார்கள். அவை எம்பி3 வட்டுகள். ஒரு அசல் ஆடியோ சிடியில் 74 முதல் 80 நிமிடம்தான் பிடிக்கும். பதினைந்து பாட்டு வந்தாலே நிறைந்துவிடும். 150 பாட்டு அடங்க வேண்டுமென்றால் ஒவ்வொன்றையும் பத்தில் ஒரு பங்காகச் சுருக்கியாக வேண்டும். அதை வைத்துச் சிடியைத் தீர்ப்பது நியாயமில்லை.

ரெக்கார்டைப் பற்றிய நம் நினைவும் அதேபோல ஒரு பக்கம் சாய்ந்ததுதான். கேசட் காலத்தில் 'ரெக்கார்டிங் சென்டர்' என்று தெருவுக்குத் தெரு கடைகள் இருந்தன. பாட்டுப் பட்டியலை எழுதிக் கொடுத்தால், கடைக்காரர் எல்பியிலிருந்து வெற்றுக் கேசட்டில் பதிந்து தருவார். கடைக்குள் ஆளுயர ஸ்பீக்கரில் அந்த எல்பி ஓடும்போது கேட்ட ஒலியோடு, வீட்டில் டூ-இன்-ஒன்னில் கேட்ட ஒலியை ஒப்பிட்டு, 'ரெக்கார்டு ரெக்கார்டுதான்' என்று சொல்லிப் பழகினோம். அந்தப் பெருமையில் பாதி அந்த ஸ்பீக்கருக்குச் சேர வேண்டியது.

இதனால்தான் பணம் எங்கே போக வேண்டும் என்று கேட்டால், கையில் இருப்பதில் பாதியை ஸ்பீக்கருக்கு ஒதுக்குங்கள் என்கிறேன். சிடி பக்கம் போகிறீர்கள் என்றால் இது சுலபம். பழைய டிவிடி பிளேயர் ஒன்று வீட்டில் சும்மா கிடக்கும். ஆடியோ சிடியை அதுவே ஒழுங்காகப் படிக்கும். அதன் பின்புறம் ஆப்டிகல் அல்லது கோஆக்சியல் என்ற டிஜிட்டல் வெளியீடு இருந்தால், எண்களை ஒலியாக மாற்றும் சின்ன டாக் கருவி ஒன்று வாங்கி ஆம்புக்கு (ஆம்ப்ளிஃபயருக்கு) கொடுத்தால் போதும். மிச்சம் முழுவதும் ஸ்பீக்கருக்கு.

ரெக்கார்டில் இந்தச் சலுகை இல்லை. அங்கே செலவு ஊசியிலிருந்தே தொடங்குகிறது. சூட்கேஸ் மாதிரி மூடி வைத்து விற்கும் மலிவு பிளேயர்களை வாங்காதீர்கள் என்று கெஞ்சியே கேட்டுக்கொள்கிறேன். அவற்றில் ஊசி 5 கிராம் வரை அழுத்தம் கொடுத்து உட்காரும். நல்ல கார்ட்ரிட்ஜுக்கு (ஊசியைத் தாங்கி, அதன் அசைவை மின்சாரமாக்கும் பகுதிக்கு) 2 கிராம் போதும். அழுத்தத்தைச் சரிசெய்ய முடியாத பிளேயரில் தாத்தாவின் ரெக்கார்டை ஓட்டுவது அதை அழிப்பதற்குச் சமம். அடுத்தது போனோ. ரெக்கார்டை வெட்டும்போது பேஸைக் குறைத்து, மேல் ஒலியை ஏற்றி வெட்டுகிறார்கள். 1954 முதல் இதற்கு ஆர்ஐஏஏ என்ற பொது அளவு இருக்கிறது. அதைத் திருப்பிச் சமன் செய்வதும், கார்ட்ரிட்ஜ் தரும் சில மில்லிவோல்ட்டைப் பெரிதாக்குவதும் போனோ ப்ரீஆம்பின் வேலை. அது இல்லாமல் ஆம்பின் ஆக்ஸ் என்ற சாதாரண உள்ளீட்டில் நேரே செருகினால் கீச்சென்று, மெலிந்து கேட்கும்.

பழைய ரெக்கார்டு வாங்கும்போது எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். மைக் செட்காரர்களிடமிருந்து வந்த தட்டுகள் கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழா, காதுகுத்து, கல்யாணம் என்று வெயிலிலும் புழுதியிலும் கனமான ஊசியில் ஓடித் தேய்ந்தவை. வெளிச்சத்துக்கு நேரே சாய்த்துப் பிடித்தால் புதுத் தட்டு கரும்பட்டுபோல மின்னும். தேய்ந்த தட்டில் சத்தமான இடங்களிலெல்லாம் சாம்பல் பூத்திருக்கும். கீறலைக்கூட மன்னித்துவிடலாம், அது ஒரு 'டிக்' மட்டும்தான். சாம்பல் பூத்த தட்டு பாட்டு முழுவதும் கரகரக்கும், எந்தக் கழுவலும் உதவாது.

45 சுற்று ஈபிகள் என்ற சின்னத் தட்டுகள்தான் நம் பெட்டிகளில் அதிகம் இருக்கும். பக்கத்துக்கு இரண்டு பாட்டு நெருக்கிப் போட்டிருப்பதால் சத்தம் கொஞ்சம் தாழ்ந்து, இரைச்சல் தூக்கலாகத் தெரியும். பெரும்பாலும் மோனோ. ஆம்பில் மோனோ பட்டன் இருந்தால் கட்டாயம் அழுத்துங்கள். மோனோ தட்டில் பாட்டு முழுவதும் பள்ளத்தின் பக்கவாட்டு அசைவில்தான் இருக்கிறது. ஸ்டீரியோ ஊசி மேல்கீழ் அசைவையும் சேர்த்துப் படிக்கும், அது முழுக்க இரைச்சல்தான். பட்டனை அழுத்தியதும் அந்தப் பகுதி அடிபட்டுப்போய், குரல் நடுவில் வந்து நிற்கும்.

கர்நாடக சங்கீதமும் நாகஸ்வரமும்தான் முக்கியம் என்பவர்களுக்கு என் பரிந்துரை சிடி மட்டுமே. எல்பியின் ஒரு பக்கம் இருபது, இருபத்திரண்டு நிமிடம். ராகம் தானம் பல்லவி அதற்குள் அடங்காது. நடுத்துளை ஒரு மயிரிழை தள்ளி விழுந்திருந்தாலும் சுருதி சுற்றுக்கு ஒருமுறை ஏறி இறங்கும். படப்பாட்டின் தாளக்கட்டில் அது மறைந்துவிடும், நீண்டு நிற்கும் நாகஸ்வரக் கார்வையில் மறையாது. சிடியின் வேகத்தைக் குவார்ட்ஸ் படிகம் கட்டுப்படுத்துகிறது. சுருதி அசையாது.

90-களிலிருந்து வந்த பாட்டுகளுக்கும் அதேதான். 1992-ல் ரஹ்மான் வந்த நேரத்தில் தமிழ்நாட்டில் ரெக்கார்டு ஏறக்குறைய விடைபெற்றுவிட்டது. கேசட்டுக்கும் சிடிக்குமாகத் தயாரான ஒலி அது. இப்போது அந்தப் பாட்டுகளைப் புதிதாக எல்பியில் அச்சிட்டு விற்கிறார்கள். அட்டை அழகாக இருக்கிறது, சந்தோஷம். ஆனால் எதிலிருந்து வெட்டியது என்று அட்டையில் சொல்லியிருக்காவிட்டால் டிஜிட்டல் கோப்பிலிருந்து வெட்டியது என்றே வைத்துக்கொள்ளுங்கள். சிடியில் இருப்பதையே மேலதிக இரைச்சலோடு பல மடங்கு விலைக்குக் கேட்க எனக்கு மனம் வரவில்லை.

நம் ஊர் வெயிலையும் மலையின் ஈரத்தையும் கணக்கில் எடுக்காமல் இந்த முடிவை எடுக்க முடியாது. சேலத்து ஏப்ரல், மே மாதங்களில் மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் பரண் ரெக்கார்டுக்கு எமன். படுக்கவைத்து அடுக்கினால் வளைந்துவிடும். வளைந்ததை நிமிர்த்தக் கண்ணாடிக்கு நடுவில் வைத்து வெயிலில் காட்டும் வைத்தியம் பள்ளத்தையே கெடுக்கும். கீழ்த்தள அறையில், செங்குத்தாக, புத்தகம்போல நிற்க வையுங்கள். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஏற்காட்டில் வெயில் பிரச்சினை இல்லை, மழைக்காலப் பூசணம்தான் பிரச்சினை. அட்டையில் தொடங்கி, காகித உறை வழியாகப் பள்ளத்துக்குள் வெள்ளை நூலாக இறங்கும். காகித உறையை மாற்றிவிட்டு, காய்ச்சி வடிகட்டிய தண்ணீரில் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, பள்ளம் ஓடும் திசையிலேயே வட்டமாகத் துடைக்க வேண்டும்.

சிடியை நேர் எதிராக, நடுவிலிருந்து ஓரத்துக்கு நேர்கோட்டில் துடையுங்கள். வட்டமாகத் துடைத்து விழும் கீறல், தகவல் ஓடும் திசையிலேயே நீளமாக விழுவதால் பிழை திருத்தும் ஏற்பாட்டால் அதை ஈடுகட்ட முடியாது; குறுக்குக் கீறலை அது சத்தமில்லாமல் சரிசெய்துவிடும். பளபளக்கும் அடிப்பக்கத்தை விட எழுத்து அச்சிட்ட மேல்பக்கத்தைத்தான் பத்திரமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். அலுமினியப் பூச்சு அந்த அச்சுக்கு அடியில் மெல்லிய அரக்குப் பூச்சின் பாதுகாப்பில்தான் இருக்கிறது. ஏற்காட்டு ஈரம் உள்ளே போனால் கறுத்துவிடும். வாங்கிய சிடியை உடனே கம்ப்யூட்டரில் சுருக்காமல் நகலெடுத்து வைத்துவிடுங்கள். நகலுக்கும் அசலுக்கும் ஒலியில் வித்தியாசம் கிடையாது. ரெக்கார்டில் இப்படி ஒரு காப்பீடு இல்லை.

ஆக, பெட்டி எதுவும் இல்லாமல் புதிதாகத் தொடங்குபவர் சிடி பக்கம் போங்கள். 80-களின் படப்பாட்டு நிறைந்த, தேயாத பெட்டி கையில் இருப்பவர் செலவைப் பார்க்காமல் அழுத்தம் சரிசெய்யக்கூடிய ஒரு பிளேயர் வாங்குங்கள்; அந்த ஒலி கடையில் கிடைக்காது. இரண்டையும் வைத்துக்கொள்ள வசதியிருந்தால் யாரும் தடுக்கப்போவதில்லை.

பெட்டியில் கனமான, தட்டினால் ஓட்டுச் சில்லு போல ஒலிக்கும் தட்டுகள் இருந்தால் மட்டும் மேலே சொன்னது எதுவும் பொருந்தாது. அவை 78 சுற்று அரக்குத் தட்டுகள். 1935-ல் டி.ஆர். சுந்தரம் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸின் வளைவு ஏற்காடு ரோட்டில் இன்றும் நிற்கும் ஊர் இது; அந்தக் காலத்துப் படப்பாட்டுத் தட்டுகள் இங்கே வீடுகளில் கிடைக்கத்தான் செய்யும். எல்பி ஊசியை அதில் வைக்காதீர்கள். அதன் பள்ளம் சுமார் மூன்று மடங்கு அகலம், தனி ஊசி வேண்டும், 78 வேகம் உள்ள பிளேயர் வேண்டும். ஆல்கஹால் கலந்த எந்தத் திரவத்தாலும் துடைக்கக் கூடாது. அரக்கு அதில் கரைந்துவிடும்.